துடைத்துத் துடைத்துத் துப்பறிகிறவர்

துப்பறிகிறவர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி நம் எல்லோருக்குமே ஒரு தீர்மானம் உண்டு. ஆள் உயரமாக இருக்க வேண்டும். கழுகுக்கு இருப்பது போல் கண் இருக்க வேண்டும். வாயில் ஒரு குழாய் புகைந்துகொண்டிருந்தால் இன்னும் விசேஷம். நடுநிசியில் பாழடைந்த பங்களாவுக்குள் தன்னந்தனியாக நுழைய அஞ்சக் கூடாது. எதிரி துப்பாக்கியை நீட்டினால் இமை கொட்டவும் கூடாது.

இந்த லட்சணங்களில் ஒன்றுகூடப் பொருந்தாத ஒரு பேர்வழியை இந்த வாரம் உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். இவர் ஒரு டம்ளர் பாலைக் கண்டால் நடுங்குவார். ஏணி ஏறச் சொன்னால் வியர்த்துப் போவார். கூட்டம், இருட்டு, உயரம், பாம்பு, கிருமி எல்லாமே இவருக்கு எமன்தான். யாராவது மரியாதைக்காகக் கை குலுக்கிவிட்டால் அடுத்த விநாடியே கையைப் பின்பக்கமாக நீட்டுவார். பின்னால் நிற்கும் உதவியாளப் பெண், ஆபரேஷன் அறையில் கத்தி எடுத்துக் கொடுக்கும் நர்ஸைப் போல, ஓர் ஈரக் காகிதத்தை அந்தக் கையில் வைப்பாள். அழுந்தத் துடைத்துக்கொண்ட பிறகுதான் மேற்கொண்டு பேச்சு!

கொலை நடந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் இவர் முதலில் என்ன செய்வார் தெரியுமா? பிரேதத்தைப் பார்க்க மாட்டார். ஏதாவது ஒன்று கோணலாக இருந்தால் அதை நேராக்கி வைப்பார். சுற்றிலும் போலீஸ்காரர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, இவருக்கு மாத்திரம் வேறு ஒரு விசாரம்: “வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேனா, இல்லையா?”

ஊருக்குக் கிளம்பி, பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்து, ரயில் ஏறி உட்கார்ந்த பிறகும் இதே கேள்வியால் அவஸ்தைப்பட்ட அம்மாமார்கள் நம் வாசகிகளில் எத்தனை பேர் இருப்பீர்கள்! உங்களுக்கெல்லாம் இவர் தூரத்து உறவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இவர் பெயர் அட்ரியன் மங்க். ஊர், அமெரிக்காவில் உள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ. “மங்க்” என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடரின் நாயகர். 2002-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஆரம்பித்த இந்தத் தொடர், 2009 டிசம்பர் வரையில் எட்டு பருவங்களாக, 125 கதைகளாக ஓடியது. கடைசிக் கதையை அமெரிக்காவில் சுமார் 94 லட்சம் பேர் பார்த்தார்கள். தனிச் சந்தா இல்லாத சாதாரணக் கேபிள் டெலிவிஷன் நாடகத் தொடர் எதற்கும் அந்த நாள் வரையில் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

“கொலைக் கதையா? குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம், ஸார்” என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பூச்சாண்டி காட்டும் ரகம் அல்ல இது. ரத்தம் தெறிக்காது. பயங்கர ஆர்ப்பாட்டம் கிடையாது. கதைக்குக் கதை ஒரு கொலை விழும் என்பது வாஸ்தவமே. ஆனால் அது ஊஞ்சலை மாட்டுவதற்கு விட்டத்தில் அடித்த கொக்கி மாதிரி. நாம் ஆடி மகிழ்வது ஊஞ்சலில்தான்.

* * *

இந்தத் தொடரின் ரகசியம் ஒன்று உண்டு. பெரும்பாலான கதைகளில், கொலைகாரன் இன்னார் என்பது நமக்கு வெகு சீக்கிரத்திலேயே தெரிந்துவிடும். பல சமயம் ஆரம்பக் காட்சியிலேயே அவன் முகத்தைக் காட்டிவிடுவார்கள். ஆனால் கொலை நடந்த நேரத்தில் அவன் நூறு பேர் நடுவில் நின்றிருப்பான். அல்லது அவன் அதைச் செய்திருக்கவே முடியாது என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும். “யார் செய்தது?” என்பது இங்கே கேள்வியாக இராது. “எப்படிச் செய்தான்? இந்தப் பயங்கொள்ளி மனுஷர் அதை எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறார்?” இதுதான் கேள்வி. 1970-களில் பீட்டர் பாக் என்ற நடிகர் கசங்கிய மழைக் கோட்டுடன் ‘கொலம்போ’வாக வந்து பிரபலமாக்கிய முறை இது. மங்க் அதே பாதையில் நடக்கிறார். ஆனால் அவருடைய கோட்டில் ஒரு சுருக்கம் இராது!

மங்க் கண்டுபிடிக்கிற விதமும் வேடிக்கைதான். இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டு, காமிராவில் காட்சியை அளப்பவரைப் போல, அறை முழுவதும் மெதுவாக ஒரு சுற்று வருவார். அந்த விரல்களின் இடைவெளியில் உலகத்தைப் பார்க்கும்போது, எது ஒழுங்கு தவறி இருக்கிறதோ அது அவரை ஊசியாகக் குத்தும். மற்றவர் கண்ணுக்கு அது அற்பம். அவருக்கோ அதைச் சரி செய்யாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. கடைசியில் எல்லாம் புரிந்ததும், நடந்தது இன்னது என்று அவர் சொல்லத் தொடங்குவார். திரையில் வர்ணம் போய்க் கறுப்பு வெள்ளையில் நடந்த கதை ஓடும். இந்த இடத்துக்காகவே காத்திருக்கும் ரசிகர்கள் உண்டு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். முதல் பருவத்தின் கடைசிக் கதை, விமானப் பிரயாணம். மங்க்குக்கு ஆகாய விமானம் என்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவர்களின் பிராணனை வாங்குகிறார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் பொறுமையைச் சோதிக்கிறார். இத்தனை கலவரத்துக்கு நடுவிலும் அவர் கண் ஒன்றைக் கவனித்துவிடுகிறது. விமான நிலையத்தில் ஒரு மனைவி, கணவனை முத்தமிடுவதற்காகக் குதிகாலை எம்பி நின்றாள். சற்று நேரத்துக்குப் பிறகு அதே தம்பதிகள். ஆனால் இப்போது அவள் எம்பவில்லை. ஒரு பெண் அரை மணி நேரத்தில் உயரமாகிவிட முடியுமா? முடியாது. அப்படியானால்…?

மேலே சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். ஆனால் இன்னொரு சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையில் மங்க்கிடம் மாட்டிக்கொண்டு அவஸ்தைப்படும் பணிப்பெண்ணாக நடித்தவர் ப்ரூக் ஆடம்ஸ். மங்க்காக நடிக்கும் டோனி ஷலூப்பை 1992-ல் மணந்துகொண்டவர் அவர்தான். அந்த அம்மாள் முகத்தில் தெரியும் சலிப்பு எவ்வளவு தத்ரூபம் என்று பாருங்கள்! அதில் நடிப்பு எத்தனை பங்கு, அனுபவம் எத்தனை பங்கு என்று நம் வாசகிகள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஷலூப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவருடைய தகப்பனார் லெபனானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். பத்துக் குழந்தைகளில் ஒன்பதாவதாகப் பிறந்தவர் ஷலூப். இந்த வேஷத்துக்காக 2003, 2005, 2006 ஆகிய வருஷங்களில் மூன்று தடவை ‘எம்மி’ பரிசு வாங்கியிருக்கிறார். தோளைச் சற்றே குறுக்கிக்கொண்டு, சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு, உலகத்திடம் மன்னிப்புக் கேட்கிறவரைப் போல அவர் நடந்து வரும்போதே நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்து முடிப்பதற்குள் தொண்டையில் என்னவோ அடைக்கிறது. இரண்டையும் ஒரே முகத்தில் காட்டுவது லேசான காரியமா?

* * *

நம்மில் சிலருக்கு இந்த இடத்தில் ‘துப்பறியும் சாம்பு’வின் ஞாபகம் வரும். 1940-களில் தேவன் எழுதி, விகடன் வாசகர்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த அந்தச் சாம்புவுக்கு ஒன்றும் தெரியாது. எதையோ செய்யப் போய், அகஸ்மாத்தாகத் திருடன் அகப்பட்டுக்கொள்வான். ஊரார் அவரை மேதாவி என்பார்கள். மங்க் நேர் எதிர். அவர் நிஜமாகவே மேதாவி. ஆனால் தெரு முனைக்குத் தனியாகப் போய் வரச் சொன்னால் திண்டாடிப் போவார். சாம்புவுக்கு அதிர்ஷ்டம் துணை. மங்க்குக்கு?

மங்க்குக்குத் துணை பெண்கள்தான். இந்தத் தொடரை நம் வாசகிகள் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணமும் இதுவே.

முதலில் வருகிறவள் ஷரோனா. பிட்டி ஷ்ராம் என்ற நடிகை ஏற்ற வேஷம். நர்ஸ் உத்தியோகம், கணவனைப் பிரிந்து, ஒரு பிள்ளையைத் தனியாக வளர்க்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். மங்க்கை அதட்டுவாள், மிரட்டுவாள், சில சமயம் பாதி வேலையில் போட்டுவிட்டுப் போய்விடுவேன் என்பாள். ஆனால் வீட்டை விட்டே வெளியே வராமல் சுருண்டு கிடந்த மனுஷரை மறுபடியும் வாசற்படி தாண்ட வைத்தவள் அவள்தான். டாக்டர்கள் அனுதாபத்தால் செய்ய முடியாததை இவள் அதட்டலால் சாதித்தாள்.

மூன்றாவது பருவத்தின் நடுவில், 2004-ல், ஷரோனா விலகிக்கொண்டாள். 2005 ஜனவரியில் நாடலி வந்தாள். ட்ரெய்லர் ஹவர்ட் நடித்த பாத்திரம். இவள் வேறு மாதிரி. கணவன் கடற்படை விமானி. கொஸோவோ யுத்தத்தில் இறந்து போனவன். ஜூலி என்று ஒரு பெண் குழந்தை. நாடலியின் பிறந்த வீடு பற்பசை வியாபாரத்தில் கோடி கோடியாகச் சம்பாதித்த குடும்பம். அங்கே போய் நின்றால் ஒரு குறையும் இராது. இவளோ அந்தப் பணம் வேண்டாம் என்று மதுக்கடையில் பரிமாறிப் பிழைத்தவள். தன் சம்பாத்தியத்தில், தன் குழந்தையை, தன் வீட்டில் வளர்க்க வேண்டும் என்ற பிடிவாதம்.

அப்படிப்பட்டவள் யாரிடம் வந்து வேலைக்குச் சேர்கிறாள் பாருங்கள்! சம்பள விஷயத்தில் மங்க் கெட்டிக் கை. கைக்காசு போட்டு வாங்கிய சாமானுக்குக் கணக்குக் கொடுத்தால் ஆயிரம் ஆட்சேபணை சொல்வார். சம்பள உயர்வு பற்றிப் பேச்செடுத்தால் காது கேட்காது. நாடலி விடுவதில்லை. சண்டை போட்டே வாங்குகிறாள். சிரித்துக்கொண்டே பார்க்கிறோம், ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தச் சண்டையில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு மனிதர் மேதாவியாகப் பெயர் எடுப்பதற்குப் பின்னால், அவருடைய பையைச் சுமந்து, தண்ணீர் எடுத்துக் கொடுத்து, அவர் புண்படுத்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் மறந்ததை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். பத்திரிகையில் வருவது அவர் படம்தான். அவளுக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்கிறார்களா? இந்தத் தொடர் கேட்கிறது. அதுவும் ஓயாமல், கதைக்குக் கதை கேட்கிறது.

இரண்டு பெண்களுக்கும் மங்க்கோடு காதல் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு வருஷம் ஓடிய தொடரில் கதாநாயகனையும் கதாநாயகியையும் மணமேடையில் ஏற்றாமல் விட்டதற்கு ரொம்ப மனோதிடம் வேண்டும். இது பரிவு; கொஞ்சம் எரிச்சல்; கொஞ்சம் கடமை; நாளாக ஆகப் பாசம். ஓர் ஆணும் பெண்ணும் இப்படியும் பழகலாம் என்று காட்டும் கதைகள் அதிகம் இல்லை.

மற்றவர்களும் சோடை இல்லை. போலீஸ் காப்டன் ஸ்டாட்டில்மேயர் மங்க்கின் பழைய சகா. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போவார். அவர் கீழே லெப்டினன்ட் டிஷர், ஆர்வத்தில் அவசரப்பட்டு அசட்டு முடிவுகளைச் சொல்லும் நல்ல பையன். மங்க் போகும் மனோவைத்தியரிடம் ஹெரால்ட் என்று இன்னொரு நோயாளியும் வருகிறார். டாக்டருக்கு யாரிடம் பிரியம் அதிகம் என்று இரண்டு பேருக்கும் நடக்கும் போட்டி இருக்கிறதே, இரண்டு மாட்டுப்பெண்கள் மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கப் போட்டியிடுவது தோற்றுவிடும்!

* * *

இனி, சிரிப்பை ஒரு நிமிஷம் நிறுத்தி வைப்போம்.

“ஒருவருடைய வியாதியைக் காட்டி நம்மைச் சிரிக்க வைப்பது தர்மமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மங்க்குக்கு இருப்பது விளையாட்டுப் பழக்கம் அல்ல. டாக்டர்கள் சுருக்கமாக ‘ஓ.ஸி.டி.’ என்று சொல்லும் மனநோய் அது. வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப மனத்தைக் கவ்வும். அந்தப் பயத்தைத் தணிக்கக் கழுவுவது, எண்ணுவது, சரி பார்ப்பது என்று ஏதாவது ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். செய்தால் ஒரு கணம் நிம்மதி. மறுகணம் பழைய குருடி, கதவைத் திறடி! நம் பாட்டிமார்களின் மடி ஆசாரத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆசாரம் என்பது ஒருவர் விரும்பி ஏற்றுக்கொள்வது. இதுவோ, வேண்டாம் வேண்டாம் என்று மனம் கதறும்போதே கையைப் பிடித்து இழுத்துப் போவது.

இந்தத் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் ஹோபர்மன், தாமே இந்தக் கோளாறினால் அவஸ்தைப்பட்டவர். எழுதி வளர்த்தவர் ஆண்டி ப்ரெக்மன். உள்ளே இருந்து பார்த்தவர் சொன்ன யோசனை ஆகையால்தான், கேலியின் கூர்மை மங்க்கின் நெஞ்சில் பாய்வதில்லை. பல சமயம் நாம் சிரிப்பது மங்க்கைப் பார்த்து அல்ல. அவரைச் சமாளிக்கத் தெரியாமல் முழிக்கும் உலகத்தைப் பார்த்து.

ஆனால் அது மட்டும் போதாது. மங்க்கின் நோய்க்குப் பின்னால் ஒரு துக்கம் இருக்கிறது. அவருடைய மனைவி ட்ரூடி. பத்திரிகையில் வேலை பார்த்தவள். 1997 டிசம்பரில், காரில் யாரோ வைத்த வெடிகுண்டுக்குப் பலியானாள். சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம் உள்ள மங்க், அந்த அடியில் அடியோடு உடைந்து போனார். போலீஸ் உத்தியோகம் போயிற்று. ஊரில் நடக்கும் கொலையை எல்லாம் கண்டுபிடிக்கிறவருக்குத் தன் மனைவியைக் கொன்றவன் யார் என்று மாத்திரம் தெரியவில்லை! 125 கதைகளுக்கும் அடியில் ஓடும் நீரோட்டம் இதுதான்.

மங்க் என்ற இங்கிலீஷ் சொல்லுக்குத் துறவி என்று பொருள். ஆனால் இந்தத் துறவியால் ஒன்றையும் துறக்க முடியவில்லை.

மூன்றாவது பருவத்தில் ஒரு கதை. மங்க் ஒரு புது மருந்து சாப்பிடுகிறார். மாயம் போல் பயமெல்லாம் பறந்துவிடுகிறது! பூப்போட்ட சட்டை என்ன, உல்லாசம் என்ன! ஆனால் மருந்து இரண்டு பொருள்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஒன்று, துப்பறியும் கூர்மை. அது போனாலும் போகிறது என்றிருந்திருப்பார். மற்றொன்று, ட்ரூடி. கூடவே இருப்பது போல இத்தனை நாளாக உணர்ந்துகொண்டிருந்த மனைவி, இப்போது எத்தனை தேடியும் மனத்தில் தட்டுப்படவில்லை. பயம் இல்லாத வாழ்க்கையா, அவள் நினைவா? மங்க் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கதையைப் பார்த்துக் கண் கலங்கலாம். ஆனால் இதைப் பாடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நோய்தான் மங்க்குக்கு மேதையைக் கொடுத்தது என்பது கதாசிரியரின் சாமர்த்தியம். வாழ்க்கையில் அப்படி இல்லை. நிஜத்தில் இந்த நோய் யாரையும் துப்பறியும் நிபுணர் ஆக்குவதில்லை. நாளில் பாதியைத் தின்கிறது, படிப்பைக் கெடுக்கிறது, உறவைக் கசப்பாக்குகிறது. இதற்கு வைத்தியம் இருக்கிறது. பயப்படும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு, கழுவும் துடைக்கும் ஆவேசத்தை அடக்கப் பழக்கும் மனப் பயிற்சி இருக்கிறது. மருந்துகளும் உண்டு. பலருக்கு நல்ல குணம் தெரிகிறது. மருந்து சாப்பிட்டால் பிரியமானவர்கள் நினைவு போய்விடும் என்பதெல்லாம் கதை.

ஆகவே, உங்கள் வீட்டில் ஒரு பெண்ணோ பையனோ கை தோல் வெடிக்கும் வரையில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தால், “ரொம்பச் சுத்தக்காரி!” என்று பெருமைப்படாதீர்கள். “பைத்தியம்” என்று பரிகாசமும் செய்யாதீர்கள். நல்ல மனோவைத்தியர் ஒருவரிடம் அழைத்துப் போங்கள். மங்க்கைப் பார்த்துச் சிரித்ததற்கு நாம் செலுத்தும் காணிக்கை அதுவாக இருக்கட்டும்.

* * *

2020-ஆம் வருஷம் கொரோனா வந்தபோது நடந்ததை நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. உலகமே மங்க் ஆகிவிட்டது! கை குலுக்குவது நின்றது. காய்கறியைக் கழுவினோம்; கதவுப் பிடியைத் துடைத்தோம்; எதிரே வருபவரைக் கண்டு ஆறடி விலகினோம். எத்தனையோ வருஷமாக மங்க்கைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் அவருக்கு மானசீகமாக ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள். அந்த மே மாதத்தில், வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் மங்க்காக ஷலூப் ஒரு குட்டி நாடகமும் நடித்துக் காட்டினார். பிறகு 2023 டிசம்பரில் ஒரு முழு நீளப் படம் வந்தது. அதில் மங்க்குக்கு வயதாகிவிட்டது. கொரோனாக் காலம் அவரை மறுபடி பழைய இருட்டுக்குள் தள்ளியிருக்கிறது. வாழ்ந்தது போதும் என்கிற அளவுக்கு மனம் சோர்ந்திருக்கிறது. சிரிப்புப் படம்தான்; ஆனாலும் அந்தச் சோர்வை மூடி மறைக்கவில்லை. நம்மில் எத்தனையோ பேர் கொரோனாவுக்குப் பிறகு பழையபடி ஆகவில்லை என்பதை யாரோ ஒருவர் சொல்லத்தானே வேண்டும்?

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது என்பீர்கள். வரிசையாகப் பார்ப்பதுதான் உத்தமம். ஒவ்வொரு கதையும் தனித்தனியாக முடிந்துவிடுகிறபடியால், நடுவில் நாலு விட்டுப் போனாலும் குடி முழுகிவிடாது. வயிறு நோகச் சிரிக்க வேண்டும் என்றால் மெக்ஸிகோவுக்கு மங்க் போகும் கதையைப் பாருங்கள். தாம் வழக்கமாகக் குடிக்கும் கம்பெனித் தண்ணீர் களவு போய்விட, வேறு தண்ணீரைத் தொட மாட்டேன் என்று நாக்கு வறண்டு கிடப்பார். ஊரில் குப்பை அள்ளுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்யும் கதை ஒன்றும் உண்டு. தெருவெல்லாம் குப்பை மலை! நாற்றத்தில் மங்க்குக்கு மூளையே வேலை செய்யவில்லை.

கொஞ்சம் கண்ணீரும் வேண்டும் என்றால் அண்ணன் ஆம்ப்ரோஸ் வரும் கதை. ஜான் டுர்டுரோ நடித்து 2004-ல் எம்மி பரிசு வாங்கிய வேஷம். அண்ணா வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. சிறு பிராயத்தில், சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று போன தகப்பனார் திரும்பவே இல்லை. அவர் வந்தால் படிக்க வேண்டுமே என்று அத்தனை வருஷத்துப் பத்திரிகைகளையும் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். தம்பியாவது தேவலை என்று தோன்றும்.

இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை மங்க் சில நாள் வைத்து வளர்க்கும் கதையும் உண்டு. குழந்தை என்றால் எச்சில், அழுக்கு, கொட்டல், சிந்தல்! எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளப் பார்க்கிறார். கடைசியில், அந்தக் குழந்தைக்கு எது நல்லது என்று தமக்குள் தீர்மானித்து ஒரு காரியம் செய்கிறார். தாய்மார்கள் கைக்குட்டை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கடைசி இரண்டு கதைகளை மாத்திரம் முதலில் பார்த்துவிடாதீர்கள். ட்ரூடி இறப்பதற்கு முன் வாங்கி வைத்த கிறிஸ்துமஸ் பரிசு ஒன்று, கட்டிய கட்டுப் பிரிக்காமல் மங்க்கிடம் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. பிரித்துவிட்டால் அவள் கொடுப்பதற்கு மேற்கொண்டு ஒன்றும் இல்லையே என்றுதான் பிரிக்கவில்லை. அந்தக் கட்டுக்குள் என்ன இருந்தது என்பதை, மற்ற கதைகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்து நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். மங்க்கின் வீட்டில் ஒவ்வொரு சாமானும் நூல் பிடித்தது போல் நேராக இருக்கும். கூடத்தில் கிடக்கும் குட்டை மேஜை மட்டும் சற்றுக் கோணலாகக் கிடக்கும். ஒரு நாள் அவர் வீட்டில் தங்க வந்த காப்டன் அதைக் கவனித்துவிடுகிறார். ஊரில் உள்ள கோணலையெல்லாம் நேராக்கும் மனுஷர், தம் வீட்டில் இதை மட்டும் ஏன் விட்டு வைத்திருக்கிறார்?

ட்ரூடிக்கு அது அப்படி இருந்தால்தான் பிடிக்குமாம்.